முள் இல்லாத மீன் வேண்டுமாம்!

போன வாரம் காலை நடை முடித்துவிட்டு, காந்தி சிலைக்குப் பக்கத்தில் கடற்கரைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கோஷ்டியில் ஓய்வுபெற்ற என்ஜினியர் ஒருவர் உண்டு. கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இன்னும் பத்து வருஷம்தான் சார். அப்புறம் கடல்ல மீனே இருக்காது. எல்லாம் இந்த மீனவங்களோட பேராசை. பொடிசு பொடிசா வாரிக்கிட்டு வர்றாங்க."

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். இரண்டு நிமிஷம் கழித்து அவர் கைப்பேசி சிணுங்கியது. வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கம்பெனிக்காரர்களின் அறிவிப்பு. 'வஞ்சிரம், முள் நீக்கியது, இன்று மட்டும் 20 சதவீதம் தள்ளுபடி.' மனுஷன் அங்கேயே உட்கார்ந்து ஒரு கிலோ ஆர்டர் போட்டார். அப்போது வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கடலைக் காலி செய்வது வலை மட்டும் இல்லை, நம் சாப்பாட்டுத் தட்டும்தான். வலையில் பாதிக் குற்றம் என்றால் மீதிப் பாதி நம்முடையது. கடலில் நூறு விதமான மீன் இருக்கிறது. நமக்கு நாலே நாலு மீன், வருஷம் முழுக்க, ஒரே மாதிரி, ஒரே அளவில், முள் இல்லாமல் வேண்டும். அந்த அடமே கடலுக்குப் பெரிய வலை.

இதை நான் மீன் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பிரெஞ்சுப் பாடத்தில் கற்றேன் என்றால் சிரிப்பீர்கள். பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் இந்த ஊர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பியேர் லோத்தி என்ற கடற்படைக்காரர் 1886இல் எழுதிய 'ஐஸ்லாந்து மீனவன்' நாவலிலிருந்து ஒரு பகுதி எங்களுக்குப் பாடமாக இருந்தது. பிரித்தானிப் பகுதியின் பெம்போல் என்ற ஊரிலிருந்து மீனவர்கள் மாதக்கணக்கில் ஐஸ்லாந்துக் கடலுக்குப் போவார்கள். போனவர்களில் பலர் திரும்ப மாட்டார்கள். எதற்காகப் போனார்கள்? 'மொரு' என்ற மீனுக்காக. இங்கிலீஷில் காட். வைத்திக்குப்பத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழன் ஒருவன் எழுந்து நின்று, "முசியே, அந்த மொரு நம்ம ஊர் கொடுவா மாதிரி இருக்குமா?" என்று கேட்டான். வாத்தியாருக்குக் கொடுவா தெரியாது, எங்களுக்கு மொரு தெரியாது. அத்தோடு பாடம் முடிந்தது.

பூகோள வகுப்பில் அதே மீன் மறுபடியும் வந்தது. கனடாவுக்குக் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்து. அதற்குப் பக்கத்தில் சேன் பியேர், மிக்கலோன் என்று பிரெஞ்சுக்காரர்களின் இரண்டு குட்டித் தீவுகள். நாங்களும் ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த துண்டு நிலம்தான் என்பதால் அந்தத் தீவுகள்மேல் எனக்கு ஒரு பாசம். அங்கே கடலில் மொரு மீன் அள்ள அள்ளக் குறையாது என்றுதான் படித்தோம். ஐந்நூறு வருஷமாகக் குறையவில்லையே, இனி எங்கே குறையப் போகிறது?

நான் பாக்கலோரெயா எழுதிய வருஷம் 1968. அந்த ஒரே வருஷத்தில் அந்தக் கடலின் வடபகுதியில் மட்டும் பிடிபட்ட காட் மீன் சுமார் 8 லட்சம் டன். பல தேசத்துப் பெரிய கப்பல்கள் வந்து, இழுவலை போட்டு, கப்பலிலேயே மீனை அறுத்து, பனிக்கட்டியாக உறையவைத்து எடுத்துப்போயின. அதுதான் உச்சம். பிறகு இறங்குமுகம். 1992 ஜூலையில் கனடா அரசு அந்த மீன்பிடிப்பை நிறுத்தியது. முப்பதாயிரம் பேருக்குமேல் வேலை போயிற்று. கடலோரக் கிராமங்கள் காலியாயின. இரண்டு வருஷம் விட்டால் மீன் திரும்பிவிடும் என்று நினைத்தார்கள். மீண்டும் தொழில்முறையாகப் பிடிக்க அனுமதி வந்தது 2024இல், அதுவும் மொத்தம் 18,000 டன் என்ற அளவோடு. 32 வருஷம்! நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த காலமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

இத்தனை மீனையும் தின்றது யார்? இங்கிலாந்தில் 1955இல் ஒரு கம்பெனி 'ஃபிஷ் ஃபிங்கர்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விரல் நீளத்துக்கு வெட்டி, ரொட்டித் தூளில் புரட்டிய காட் மீன். முள் கிடையாது, தோல் கிடையாது, தலை கிடையாது, நாற்றம் கிடையாது. குழந்தைகள் விரும்பின. அம்மாக்களுக்கு வேலை மிச்சம். அந்தப் பெட்டியைத் தூக்கிவந்த அம்மா ஒரு கடலையே அழிக்க நினைத்தாளா? பாவம், இல்லை. ஆனால் லட்சக்கணக்கான வீடுகள் ஒரே மீனை, ஒரே வடிவத்தில், தினமும் கேட்டால் கப்பல் பெரிதாகத்தானே ஆகும்? காட் அழிந்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கப்பல் கட்டியவனும், கணக்கைத் தப்பாகப் போட்ட அதிகாரியும், கோட்டா கொடுத்த மந்திரியும் உண்டு. சாப்பிட்டவன் பெயர் மட்டும் குற்றப்பத்திரிகையில் எப்போதும் வருவதில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்தப் பெட்டி நமக்கும் வந்துவிட்டது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் வாரம் நாலு நாள் மீன். வஞ்சிரம் என்பது கல்யாணம், விருந்து, மாப்பிள்ளை வந்தால். மற்ற நாளில் கவலை, காரப்பொடி, நெத்திலி, கிழங்கான், வாளை, மடவை, காணாங்கெளுத்தி, எப்போதாவது திருக்கைப் புட்டு. எது வரும் என்று அம்மாவுக்கும் தெரியாது. கூடை வந்த பிறகுதான் அடுப்பில் குழம்பா வறுவலா என்று முடிவாகும். இப்போது என் தெருவில் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, இறால். அதற்குமேல் பெயர் தெரியாது. ஓட்டலில் 'ஃபிஷ் ஃபில்லே' என்று கொடுப்பது பல இடங்களில் பாஸா. மேகாங் நதியில் பிறந்து, இப்போது ஆந்திராக் குளங்களிலும் வளர்கிற நன்னீர் மீன். வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி மொட்டைமாடியில் உட்கார்ந்து குளத்து மீனைத் தின்றுவிட்டு, "கடல் காற்றும் கடல் மீனும், என்ன சுகம்!" என்கிறோம்.

கேட்பது நாலு மீன் என்றால், வலையில் விழுகிற மற்றது என்ன ஆகும்? இழுவலையில் வஞ்சிரத்துக்கு மட்டும் கதவு கிடையாது. எல்லாம்தான் வரும். வாங்க ஆள் இல்லாததும், இன்னும் வளராததும் 'கழிவு மீன்' என்று ஒரு மூலையில் குவிக்கப்பட்டு மீன்தூள் ஆலைக்குப் போகும். அந்தத் தூள் கோழிக்கும் பண்ணை இறாலுக்கும் தீவனமாகும். பசிபிக் கடலோரத்து வனாமி இறால் நம் நாட்டுக்கு 2009இல் வந்தது. அது நம் கடலின் குட்டி மீனைத் தின்று வளர்ந்து, பெரும்பகுதி வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது. என் அம்மா குழம்பு வைத்த மீன் இப்போது இறாலுக்குச் சோறு.

இன்னொரு வேடிக்கை. எங்கள் நடைக் கோஷ்டியில் பாதிப் பேருக்கு டாக்டர் ஒமேகா மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இதயத்துக்கு நல்லதாம். அந்த எண்ணெய் எதிலிருந்து வருகிறது? பெரும்பாலும் பெரு நாட்டுக் கடலில் பிடிக்கிற, நம் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட தம்பியான ஒரு சின்ன மீனிலிருந்து. "கவலை நாறும் சார், வீட்ல சமைக்க விடமாட்டாங்க" என்று சொல்கிற அதே ஆள், மேல்நாட்டு நெத்திலியின் எண்ணெயை டப்பா விலை கொடுத்து வாங்கி, தண்ணீரோடு விழுங்குகிறார்.

அடுத்து தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் முட்டையிடும் காலம் என்று அரசாங்கம் போட்ட சட்டம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகெல்லாம் வரிசையாக நிற்கும். மீனவன் நிவாரணத் தொகையை எதிர்பார்த்துக் கொண்டு வலையைத் தைத்துக்கொண்டிருப்பான். நாம்? "என்னய்யா, வஞ்சிரம் ஆயிரத்தைத் தாண்டிப் போச்சு!" என்று சலித்துக்கொள்வோம். ஆனால் வாங்குவோம். அது எங்கிருந்து வருகிறது? கேரளா, கர்நாடகா பக்கத்திலிருந்து, பனிக்கட்டியில் லாரி ஏறி வருகிறது. மேற்குக் கடற்கரைக்குத் தடை ஜூன், ஜூலையில். அப்போது நம் பக்கத்து மீன் அங்கே போகும். ஒரு கடல் லீவில் இருந்தால் இன்னொரு கடல் ஓவர்டைம் பார்க்க வேண்டும். நாம் மட்டும் ஒரு நாள்கூட லீவு கொடுக்க மாட்டோம்.

61 நாள் நம்மால் இருக்க முடியாதா? இதே ஊர் புரட்டாசி ஒரு மாதம் மீன் பக்கம் திரும்பாது. மார்க்கெட்டில் விலை விழுந்து கிடக்கும். அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமை என்று கணக்கு வேறு. சாமிக்கு என்றால் நாக்கு அடங்குகிறது. மீன் முட்டையிட வேண்டும் என்றால் அடங்க மறுக்கிறது. மீனே வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. தடைக்காலத்திலும் கட்டுமரமும் சின்னப் படகும் கரையோரம் போய்வரும். அதில் வருவதைச் சாப்பிடலாம். வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள், அவ்வளவுதான்.

"சின்னக் கண்ணி வலை போடுறவனை விட்டுட்டு எங்களைத் திட்டுறீரே" என்று நண்பர் கேட்பார். விடவில்லை சார். சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000த்திலேயே தடை செய்தது. பிறகு வழக்கு, உச்ச நீதிமன்றம், 2023இல் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி. அந்த வலை வேண்டுமா வேண்டாமா என்று நம் ஊர் மீனவக் கிராமங்களே 2021இல் கடலில் மோதிக்கொண்டதைப் பார்த்தோம். வேண்டாம் என்று சண்டை போட்டவனும் மீனவன்தான் என்பதைக் கவனியுங்கள். அவன் அடிபட்டான். நாம் பேப்பரில் படித்துவிட்டு மதியம் மீன் சாப்பிட்டோம்.

சின்ன மீனைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளா சாட்சி. அவர்கள் உயிராக நினைக்கிற மத்தி 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடிபட்டது. 2021இல் 3,297 டன். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. கடல் சூடு, மழை என்று இயற்கைக் காரணங்களும் உண்டு. குஞ்சுகளை வாரியதும் உண்டு. கேரள அரசு 2015லேயே ஒரு அளவு வைத்தது. மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டர், அதற்குக் குறைந்தால் பிடிக்கக்கூடாது. நம் பக்கத்தில் ஒரு முழம்கூட இல்லாத வஞ்சிரக் குஞ்சை, "சின்ன சைஸ், ஒரு வீட்டுக்குச் சரியா இருக்கும்" என்று விற்கிறார்கள். நாமும் சரியாக இருக்கிறது என்று வாங்குகிறோம். அது ஒரு தடவைகூட முட்டையிட்டிருக்காது.

என் மகள் பாரீஸ் பக்கம் இருக்கிறாள். அங்கே மீன்கடையில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு அட்டை இருக்குமாம். மீனின் பெயர், லத்தீன் பெயர், எந்தக் கடலில் பிடித்தது, எந்த வகை வலை அல்லது தூண்டில், பண்ணையா கடலா. ஐரோப்பியச் சட்டம் அது. அட்டை இருப்பதால் அவர்கள் உத்தமர்கள் ஆகிவிடவில்லை. மொருவைத் தீர்த்ததில் அவர்கள் கப்பலும் உண்டு. ஆனாலும் வாங்குகிறவன் கேட்கலாம், விற்கிறவன் சொல்லியாக வேண்டும். நம் நாட்டிலும் கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டிக்கு 2014இல் சர்வதேச முத்திரை கிடைத்தது. இந்தியாவில் முதல் தடவை. அதன் பெரிய வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில். அயல்நாட்டான் கேட்டால் முத்திரை உண்டு. நமக்கோ 'ஃபிரெஷ்' என்ற ஒரே வார்த்தை போதும். 39 வருஷம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், யாரும் கேள்வி கேட்காத கோப்பு நகராது.

இதுவரை ஊரைத் திட்டினேன். இனி என் முறை.

நான் கல்யாணம் ஆகி இந்தத் தெருவுக்கு வந்தது 1977இல். அப்போதிலிருந்து வம்பாகீரப்பாளையத்து அம்மா ஒருத்தர் எங்களுக்கு மீன் கொண்டுவருவார். என் வயதுதான் இருக்கும். கூடையை இறக்கும்போதே, "இன்னிக்குக் கடல் குடுத்தது இதான்மா" என்று என் மனைவியிடம் சொல்வார். கடன் வைத்தோம், அவரும் எங்களிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார். என் மகள் அவர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் மீன் பெயர் கற்றாள்.

2019 ஏப்ரல் கடைசியில் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தார்கள். பேரனுக்கு முள் பழக்கம் இல்லை. மீன்கார அம்மாவிடம் வஞ்சிரம் கேட்டேன். "தடைக்காலம் ஐயா, இப்ப எங்க போறது? கட்டுமரத்துல வந்த கிழங்கானும் நெத்திலியும் இருக்கு, துள்ளுது பாருங்க" என்றார். எனக்கு மாப்பிள்ளை முன்னால் கௌரவம் போய்விட்டது போல இருந்தது. "கேட்டதைக் கொண்டுவர முடியலைன்னா வராதே" என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷத்தில் நான் அவரை ஒருமையில் பேசியது அன்றுதான். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். கடையில் வஞ்சிரம் வாங்கினேன். எத்தனை நாள் பனிக்கட்டியில் கிடந்ததோ, வறுத்தால் மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. பேரன் பாதியை ஒதுக்கிவிட்டான்.

மறுநாள் அவர் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் கைப்பேசியில் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், ஒரு வீட்டுக்காக யார் கூடை சுமப்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஓய்வூதியக்காரனுக்குக் காரணம் கண்டுபிடிக்க நேரம் நிறைய.

கடற்கரைச் சுவரில் நண்பர் ஆர்டர் போட்ட அன்று, நேராகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். விசாரித்தேன். கருவாட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் காரப்பொடி, வெள்ளிக் காசு கொட்டினாற்போல. என்னைப் பார்த்ததும், "பேரப்புள்ளைங்க சௌக்கியமா ஐயா?" என்றுதான் கேட்டார். மன்னிப்புக் கேட்க வந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. "அரைக் கிலோ கொடுங்கம்மா" என்றேன். "இதுல முள்ளு இருக்கும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன்.

என்ஜினியர் நண்பருக்கு ஒரு விண்ணப்பம், முறையான வழியாகவே அனுப்புகிறேன். வாரத்தில் ஒரு நாளாவது உங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு மீனை வாங்குங்கள். குஞ்சு மீனை வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், விற்கிறவர் காதில் விழட்டும். எங்கே, எதில் பிடித்தது என்று கேளுங்கள். தடைக்காலத்தில் வஞ்சிரத்தை மறந்துவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு மீனவனின் பேராசையைப் பற்றிப் பேசலாம். சுவர் அங்கேயேதான் இருக்கும், நானும் வருகிறேன்.

பின்குறிப்பு: காரப்பொடிக் குழம்பு நன்றாக இருந்தது. ஒரு முள் குத்தியது. சோற்று உருண்டை விழுங்கினேன், சரியாகிவிட்டது.